சின்ன விமானத்தில் எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன ஆகிறது?

உங்கள் கேள்வி இது: நண்பர் ஒருவர் புதிதாகத் தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார், நான்கு இருக்கை செஸ்னாவில் கூட வரச் சொல்கிறார், நடுவழியில் எரிபொருள் தீர்ந்தால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடுமா? கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பைக் ஓட்டுகிறவனுக்கே முள் சிவப்புக்கு வந்தால் தெரிகிறது, இத்தனை பயிற்சி எடுத்தவர்கள் எப்படிக் கோட்டை விடுகிறார்கள்? முதல் கேள்விக்கு விடை எளிது: விழாது. எனக்கென்னவோ உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. உறுத்தவும் வேண்டும். ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானங்களை இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டியும் ஓட்டக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன், அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். பெரிய ஜெட்டுகளின் நடைமுறை வேறு. கீழே ஓரிடம் தவிர அதைத் தொடமாட்டேன்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். இறக்கை விமானத்தைத் தாங்குவதற்கு இன்ஜின் ஓடவேண்டிய அவசியமில்லை, காற்று அதன்மேல் போதிய வேகத்தில் ஓடினால் போதும். இன்ஜின் நின்றதும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளலாம். செஸ்னா 172 ஓர் அடி இறங்கினால் ஏறக்குறைய ஒன்பது அடி முன்னே போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால், காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர் சறுக்கலாம். கையில் நான்கு நிமிடம் இருக்கும். 172எஸ் மாடலில், முழு எடையில், அதற்கான வேகம் 68 நாட், அதாவது மணிக்கு 126 கிலோமீட்டர். நான்கு நிமிடம் காக்பிட்டில் நிறைய நேரம். ஒருமுறை தப்பாக முடிவெடுத்து, அப்புறம் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நிறைய இல்லை.

இனி அந்த முள். சின்ன விமானங்களில் டேங்க் பெரும்பாலும் இறக்கைக்குள் இருக்கும். நீள அகலம் அதிகம், ஆழம் குறைவு. பழைய மாடல்களில் உள்ளே ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, அவ்வளவுதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள், அந்த மிதவையின் பாடு புரியும். விமானம் சாய்ந்தால், காற்றில் குலுங்கினால், முள்ளும் ஆடும். விமானிகளுக்குள் ஒரு கதை உலவுகிறது: டேங்க் காலியாக இருக்கும்போது மட்டும் முள் சரியாகக் காட்டினால் போதும், சட்டமே அப்படித்தான் என்று. அது தப்பு. இந்த விமானங்கள் சான்றிதழ் பெற்ற காலத்து அமெரிக்க விதி, விமானம் மட்டமாகப் பறக்கையில், பயன்படாத எரிபொருள் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையைப் பூஜ்யம் என்று வைக்கச் சொன்னது. பூஜ்யம் எது என்பதற்கான வரையறை அது. நடுவில் பொய் சொல்லக் கொடுத்த அனுமதி இல்லை. பயன்படாத எரிபொருள் என்றால், டேங்கின் அடியில் கிடந்தாலும் குழாய்க்கு வராது என்று கணக்கில் தள்ளிவிட்ட பங்கு. 172எஸ்ஸில் 56 அமெரிக்க கேலன் ஊற்றலாம், 53தான் உங்களுடையது. லிட்டரில் சொன்னால் 212க்கு 200. நடைமுறையில் நான் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: முள் குறைவு என்று காட்டினால் நம்பு, நிறைய என்று காட்டினால் நம்பாதே. கிளம்பும் முன் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்த அளவும், கைக்கடிகாரமும்தான் உன் முள்.

விபத்து விசாரணைகளில் இரண்டு வகையைப் பிரித்துச் சொல்வார்கள். விமானத்தில் எரிபொருளே இல்லாமல் போவது ஒன்று. டேங்கில் இருந்தும் இன்ஜினுக்கு வராமல் போவது இன்னொன்று. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் விடுத்த எச்சரிக்கையில், 2011 முதல் 2015 வரை எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததால் வருடத்துக்கு 50க்கு மேல் விபத்துகள் நடந்ததாகச் சொல்கிறது. அவற்றில் 56 சதவீதம் முதல் வகை, 35 சதவீதம் இரண்டாம் வகை. அதே எச்சரிக்கையில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலும் இருக்கிறது: சிக்கிய விமானிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வணிக விமானி உரிமமோ அதற்கு மேலானதோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் 2 சதவீதம் மட்டுமே. மாணவன் பயந்துகொண்டே குச்சி விட்டு அளக்கிறான், பக்கத்தில் ஆசிரியரும் நிற்கிறார். பழகியவர் போன தடவை எப்படி இருந்தது என்ற ஞாபகத்தில் பறக்கிறார். இது என் ஊகம்தான், வாரியம் அப்படிக் காரணம் சொல்லவில்லை.

இரண்டாம் வகை வெளியாட்களுக்கு விநோதமாகப் படும். செஸ்னா 172இல் இறக்கை மேலே இருக்கிறது, எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கும், எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் பிடியை இரண்டு டேங்குக்கும் பொதுவாக வைத்துவிடலாம். பைப்பர் செரோக்கி வகையில் இறக்கை கீழே. பம்ப் உறிஞ்சித் தரவேண்டும், இரண்டிலிருந்தும் சேர்ந்து எடுக்க வழி கிடையாது, இடம் அல்லது வலம்தான். விமானி அரை மணிக்கொரு முறை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்தால் வலது டேங்க் நிறைய இருக்க இன்ஜின் இருமும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இந்த வகையைச் சேர்ந்தது. அவருடைய லாங்-ஈஸி வீட்டில் கட்டப்படும் ரக விமானம். அதைக் கட்டியவர் செலக்டரை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்து உடம்பையே முறுக்கவேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் பெடலை அறியாமல் அழுத்தியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணையின் முடிவு. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அன்று நிரப்பியிருந்தால் பிடியைத் தொடவேண்டிய தேவையே வந்திருக்காது என்பதை நினைத்தால் இன்றும் மனம் என்னவோ செய்கிறது.

முதல் வகைக்கு வருகிறேன், இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. எரிபொருளை லிட்டரில் எண்ணுகிற பழக்கத்தை விட்டுவிட்டு நிமிடத்தில் எண்ணவேண்டும். ஓர் உதாரணம். டேங்கில் 140 லிட்டர் இருக்கிறது, இன்ஜின் மணிக்கு 35 லிட்டர் குடிக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது நான்கு மணி நேரம். காலை 9 மணிக்குக் கிளம்பினால் 1 மணிக்கு இன்ஜின் நிற்கும். இப்போது பயணத்தைப் பாருங்கள்: 300 கடல் மைல், விமானத்தின் வேகம் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், ஒரு மணி நேரம் மிச்சம், தாராளம். எதிர்க்காற்று 25 நாட் வீசினால்? தரையின்மேல் வேகம் 75 நாட்டாகக் குறையும், பயணம் நான்கு மணி நேரமாக நீளும். அந்தத் தாராளம் முழுவதையும் காற்று தின்றுவிட்டது. இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த விளக்கும் எரியவில்லை, வானம் தெளிவு. ஆபத்து என்று காட்ட காக்பிட்டில் ஒன்றுமே இல்லை. திரும்பி வரும்போது பின்காற்று அதை ஈடுகட்டிவிடும் என்பதும் பொய்க்கணக்கு. போக நான்கு, வர இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம். காற்றில்லாத நாளில் போகவர மொத்தமே ஆறு மணிதான்.

அமெரிக்க விதிப்படி கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் ரிசர்வ் வைத்துத்தான் கிளம்பவேண்டும். அந்த விதி கிளம்பும் நேரத்துக்கானது என்பதைக் கவனியுங்கள். காற்று மாறினால் சட்டத்தை மீறாமலேயே டேங்கைக் காலி செய்யலாம். அதனால் நான் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன கணக்கில் 12 மணிக்கு நான் தரையில் இருக்கவேண்டும், எந்தத் தரையாக இருந்தாலும் சரி.

இந்தப் பழக்கம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. உரிமம் வாங்கிய இரண்டாம் வருடம், செஸ்னா 152இல் தனியாக ஒரு பயணம். அதில் பயன்படும் எரிபொருள் 93 லிட்டர், மணிக்கு 23 லிட்டர் என்று கணக்கு, ஆக நான்கு மணி நேரம். மூன்று மணியில் இறங்கிவிடுவேன் என்று எழுதிவைத்திருந்தேன். எதிர்க்காற்று எழுதியதைவிடக் கூடுதல். அதிலிருந்து தப்ப உயரத்தைக் குறைத்தேன். இன்ஜினுக்குப் போகும் காற்றில் எவ்வளவு பெட்ரோல் கலக்கவேண்டும் என்று மாற்றும் பிடிக்கு மிக்ஸ்சர் என்று பெயர், இறங்கும்போது அதை முழுதாகத் தள்ளியவன் திரும்ப இழுக்க மறந்துவிட்டேன். கையேட்டில் போட்டிருக்கும் செலவுக் கணக்கு, மிக்ஸ்சரை இழுத்துக் கலவையை மெலிதாக்கி ஓட்டினால் வரும் கணக்கு. அப்படியே விட்டால் பெட்ரோல் வீணாகப் புகைபோக்கியில் போகும். இரண்டரை மணி நேரம் ஆனபோது இடப்பக்கம் ஒரு சின்ன ஓடுபாதை தெரிந்தது. இறங்கினால் நிரப்பிக்கொண்டு போகலாம். ஆனால் போகிற இடத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தேன், ஒன்றும் ஆகவில்லை. நிரப்பியவர் 84 லிட்டர் என்று சீட்டு நீட்டினார். 93இல் 84 போனால் 9. நான் ஒரு மணி நேரம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இருபது நிமிடம். அன்று சாப்பாடு இறங்கவில்லை. காத்திருந்தவரிடம் காரணம் சொல்லவும் இல்லை.

சில்லறைக் காரணங்களும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கையின் மேல்பக்கம் காற்றழுத்தம் குறைவு என்பதால் மூடி சரியாக இறுகாவிட்டால் பறக்கும்போது எரிபொருளை வெளியே உறிஞ்சிவிடும். டேங்குக்குக் காற்று போகும் துளையில் பூச்சி கூடு கட்டினால் எரிபொருள் இறங்காது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அடித்துளையில் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறோம். சின்ன விமானங்களுக்கான 100எல்எல் என்ற பெட்ரோல் நீல நிறத்தில் இருக்கும், தண்ணீர் சேர்ந்தால் குமிழாகப் பிரிந்து தெரியும். அலகுக் குழப்பமும் உண்டு, அதற்குத்தான் ஜெட்டைத் தொடுவேன் என்றேன். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா போயிங் 767 ஒன்றில், லிட்டரைக் கிலோவாக மாற்றவேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணை வைத்துப் பெருக்கிவிட்டார்கள். 41,000 அடியில் பறக்கையில் எச்சரிக்கை வந்தது, கொஞ்ச நேரத்தில் இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற இடத்தின் பழைய விமானப்படைத் தளத்தில் கேப்டன் ராபர்ட் பியர்சன் அதைச் சறுக்கியே இறக்கினார், 69 பேரும் பிழைத்தார்கள். அவர் இன்ஜின் இல்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர்.

சரி, நின்றேவிட்டது. முதல் வேலை மூக்கைத் தாழ்த்திச் சறுக்கும் வேகத்தைப் பிடிப்பது. அடுத்தது இறங்க இடம் பார்த்து அதன் பக்கம் திரும்புவது. அப்புறம்தான் காரணம் தேடுவது. செலக்டரை மாற்று, பம்பைப் போடு, மிக்ஸ்சரைத் தள்ளு, கார்புரேட்டர் சூட்டை இழு, தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் பார். எரிபொருள் வராமல் நின்ற வகையானால் இதிலேயே பல இன்ஜின்கள் உயிர்பெற்றுவிடும். கார்புரேட்டரில் உறைபனி என்றால் குளிர்நாட்டுச் சமாசாரம் என்று நினைப்பார்கள். பெட்ரோல் ஆவியாவதும் குறுகிய தொண்டையில் காற்றழுத்தம் விழுவதும் சேர்ந்து உள்ளே 20 டிகிரிக்கு மேல் குளிரவைக்கும், அதனால் ஈரப்பதமான வெயில் நாளிலும் அங்கே பனி கட்டும். அதை உருக்கும் சூடு புகைபோக்கியிலிருந்து வருவது, இன்ஜின் நின்றதும் அதுவும் ஆறத் தொடங்கிவிடும். ஆகவே இழுப்பதானால் உடனே இழுக்கவேண்டும். டேங்க் உண்மையிலேயே காலி என்றால் இந்தப் பிடிகளைத் திருகிக்கொண்டிருப்பது நான்கு நிமிடத்தைக் கரைக்கும் வழி. மேடே என்ற ஆபத்து அழைப்பு, ரேடாரில் அவசரம் என்று காட்டும் 7700 என்ற ட்ரான்ஸ்பாண்டர் எண், ஏற்கெனவே யாரோடும் தொடர்பில் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ். கை ஒழிந்தால் மட்டும். ரேடியோ தேடி வர உதவும், விமானத்தைத் தாங்காது.

எங்கே இறக்குவது என்பதில் விமானிகளே ஒத்துப்போக மாட்டார்கள். நெடுஞ்சாலை மேலிருந்து ஓடுபாதை போலத்தான் தெரியும். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். சாலை ஓரத்தில் கம்பம் இருந்தால் குறுக்கே கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளவேண்டும். கீழே வண்டியில் போகிறவர்கள் உங்கள் தப்புக்குச் சம்பந்தமில்லாதவர்கள். நான் வயலைத் தேர்ந்தெடுப்பேன், உழுசாலுக்கு இணையாக, காற்றுக்கு எதிராக. உழுசாலும் காற்றும் ஒத்துப்போகாதபோது எதை விடுவது என்பது அந்த வயலைப் பார்த்தவர்தான் சொல்லமுடியும். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: தரையைத் தொடும் வேகம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருபடியாக ஏறும். 85 நாட்டில் மோதுவது 60 நாட்டில் மோதுவதைப் போல் இரண்டு மடங்கு. 9 ஜி விசையில், அதாவது உடம்பின் எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையில், ஒரே சீராக வேகம் குறைந்தால் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து நிற்க மூன்று மீட்டர்கூட வேண்டாம். இறக்கை பிய்ந்தாலும், சக்கரம் உடைந்தாலும், அந்த மூன்று மீட்டரை வாங்கித் தந்துவிட்டுப் போகட்டும். விமானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர் வேகத்தோடு இறங்குகிறார் அல்லது எட்டாத இடத்துக்கு மூக்கைத் தூக்கி இழுக்கப் பார்க்கிறார். மூக்கைத் தூக்கினால் சறுக்கும் தூரம் குறையுமே தவிர அதிகமாகாது, கடைசியில் ஸ்டால் ஆகி இறக்கை தூக்குவதை நிறுத்தும். அப்போதுதான் உங்கள் கல் உவமை பொருந்தும்.

கிளம்பிய கையோடு இன்ஜின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். திரும்புவது அரை வட்டம் அல்ல. திரும்பி, ஓடுபாதைக்கு நேரே வர மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பவேண்டும். 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும், 60 டிகிரியில் 41 சதவீதம். எத்தனை அடிக்கு மேல் திரும்பலாம் என்று பொதுவாக ஒரு எண் நான் தரமாட்டேன், விமானத்தையும் காற்றையும் கையையும் பொறுத்தது. நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று சான்டா மோனிகாவில் ஒரு பழைய ரயன் பிடி-22இல் கிளம்பியதும் இன்ஜின் சக்தி இழந்தது. காரணம் எரிபொருள் தீர்ந்தது அல்ல, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளைப் பாகம் கழன்றது. ஓடுபாதைப் பக்கம் திரும்பினார், எட்டாது என்று கண்டதும் விட்டுவிட்டுப் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம், பிழைத்துக்கொண்டார். எட்டாது என்று கண்டு கைவிட்டாரே, அந்த நொடியைத்தான் நான் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுவேன்.

ஆனால் இன்ஜின் உடைவதற்கும் எரிபொருள் தீர்வதற்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறது. உடைவது சொல்லாமல் வரும். தீர்வது ஒரு மணி நேரம் முன்பே கடிகாரத்தில் தெரியும். இன்ஜின் ஓடும்போதே, இருபது நிமிடப் பெட்ரோல் கையில் இருக்கும்போதே, ஒரு நல்ல வயலைத் தேர்ந்தெடுத்து, தாழப் பறந்து ஒருமுறை பார்த்து, பிடிக்காவிட்டால் மேலேறி இன்னொன்றைத் தேடி இறக்கலாம். இதை முன்னெச்சரிக்கைத் தரையிறக்கம் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறோம், நிஜத்தில் செய்கிறவர்கள் குறைவு. ஓடுகிற இன்ஜினோடு வயலில் இறங்கினால் அப்புறம் விளக்கம் சொல்லவேண்டும், விமானத்தை லாரியில் ஏற்றவேண்டும், நாலு பேர் சிரிப்பார்கள். அதற்குக் கூசித்தான் பலர் இன்னும் பத்து நிமிடம் என்று போகிறார்கள். அன்று அந்தச் சின்ன ஓடுபாதையை நான் தாண்டிப்போனதற்கும் அதைவிட மேலான காரணம் ஏதுமில்லை.

நண்பரோடு போங்கள். கிளம்பும் முன் அவர் இறக்கைமேல் ஏறி மூடியைத் திறந்து அளக்கிறாரா என்று பாருங்கள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் 'நிறைய' என்றுதான் சொல்வார்கள். எத்தனை மணிக்குள் நாம் தரையில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு நேரத்தைச் சொன்னால் அதை உங்கள் கைபேசியில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது அடிக்கும்போது இன்னும் பறந்துகொண்டிருந்தால், காத்திருக்கிறவர்களுக்குத் தாமதமாகச் சொல்லிக்கொள்ளலாம், கீழே இறங்கலாம் என்று முதலில் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். புதிதாக உரிமம் வாங்கியவருக்கு அதைத் தானாகச் சொல்ல வாய் வராது.